செடிகளின் சுணை: அடையாளமும் பிரயோஜனமும்

கரும்பு வெட்டுகிறவர்களும் களத்தில் நெல்லடிக்கிறவர்களும் நன்கு அறிந்த சொல் ஒன்று நம் மொழியில் உண்டு. அது சுணை என்பது. கரும்பின் சோகையைக் கழிக்கும்போது கையில் ஏறித் தினவெடுக்கச் செய்வதும், மூங்கிற் குருத்தை மூடியிருக்கும் மடலைத் தொட்டவர் விரலில் ஒட்டிக்கொண்டு வருத்துவதும், வைக்கோல் உதறியவரின் உடம்பெல்லாம் அரிக்கச் செய்வதும் இந்தச் சுணையே. தாவர சாஸ்திரிகள் ரோமம் என்று எழுதுவதைப் பாமர ஜனங்கள் தங்கள் தோலினால் அறிந்து சுணை என்று பெயரிட்டார்கள். அதே சொல்லை மனிதனுடைய மான உணர்ச்சிக்கும் வழங்கினார்கள். ஆயினும், வேலியோரத்திலும் வரப்பிலும் தரிசிலும் தாமாக முளைத்து நிற்கும் நூற்றுக்கணக்கான காட்டுச் செடிகளில் ஒன்று பட்டுப்போல் மென்மையாகவும், ஒன்று அரம்போல் சொரசொரப்பாகவும், ஒன்று பசைபோல் ஒட்டுவதாகவும், மற்றொன்று எண்ணெய் பூசியதுபோல் வழவழப்பாகவும் இருப்பது ஏன் என்று கேட்டவர் நம்மில் மிகச் சிலரே.

இக்கேள்வியைச் சாஸ்திர உலகம் இரு கூறாகப் பிரித்துக்கொண்டு ஆராய்ந்து வந்திருக்கிறது. செடிகளை வகைப்படுத்துகிறவர்கள் ரோமத்தை ஓர் அடையாளமாக மாத்திரம் கண்டார்கள். இது இன்ன ஜாதி, இன்ன குடும்பம் என்று நிர்ணயிப்பதற்கு உதவும் முத்திரை என்பதே அவர்கள் கருத்து. செடியின் உடற்றொழிலை ஆராய்கிறவர்களோ ரோமத்தை ஒரு கருவியாகக் கண்டு, அது வெயிலைத் தடுக்கிறதா, நீரைக் காக்கிறதா, பகையை விலக்குகிறதா என்று சோதித்தார்கள். இவ்விரண்டு விசாரணைகளும் உண்மையில் ஒன்றே என்பதும், எல்லாச் செடிக்கும் பொருந்தும் ஒரே காரணத்தைத் தேடுவது வீண் என்பதும், ஒவ்வொரு செடியையும் அது நிற்கும் இடத்தில் வைத்துக் கேட்டால்தான் அதன் ரோமம் விடை சொல்லும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ரோமம் என்பது யாது?

செடியின் உடலைப் போர்த்தியிருக்கும் புறத்தோல் உயிரணுக்களால் ஆனது. அவ்வணுக்களில் ஒன்றோ சிலவோ மேல்நோக்கி நீண்டு வளர்வதே ரோமம். பருத்தி இழையைப்போல் ஒரே அணு பல நூறு மடங்கு நீண்டு உண்டாவதும் உண்டு. அணுக்கள் வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி நிற்பதும் உண்டு. சில கிளைத்து விண்மீன்போல் விரிகின்றன. சில, நடுவில் சிறு காம்பு தாங்க, இருபுறமும் இலையோடு படிந்து கிடக்கின்றன. சில குடைபோலத் தட்டையாகிச் செதிலாகின்றன. நுனியில் உருண்டைத் தலை அமைந்து, அதனுள் தைலமோ பிசினோ சுரப்பவை சுரப்பி ரோமங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று கையிலிருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றை வயல்வரப்பிலேயே கண்டு தெளியலாம். 1665-இல் லண்டனில் வெளிவந்த தம்முடைய ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலில் ராபர்ட் ஹூக், பூதக்கண்ணாடியின் வழியே கண்ட அற்புதங்களுள் ஒன்றாகத் தொட்டால் கடுக்கும் ஐரோப்பியக் காஞ்சொறியின் ரோமத்தையும் விவரித்து வைத்தார். இத்துறையின் ஆராய்ச்சி ஏறக்குறைய பூதக்கண்ணாடியின் பயன் தெரிந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாக்ஷி.

பெயரிலேயே பொதிந்த லக்ஷணம்

1753-இல் தம் பேரேட்டை வெளியிட்ட லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துப் பேரறிஞர் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியபோது, அவற்றின் ரோமத்தையே பல இடங்களில் பெயருக்கு ஆதாரமாகக் கொண்டார். நம் வீட்டு வாசலிலும் செங்கல் இடுக்கிலும் படர்ந்து, கிள்ளினால் பால் வடியும் அம்மான் பச்சரிசிக்கு அவர் இட்ட ‘ஹிர்ட்டா’ என்ற அடைமொழிக்கு ரோமம் உடையது என்று பொருள். நாயுருவிக்கும் தும்பைக்கும் அமைந்த ‘ஆஸ்பெரா’ சொரசொரப்பைக் குறிப்பது. பொங்கலுக்கு முன்தினம் மாவிலையோடும் வேப்பிலையோடும் ஆவாரம் பூவோடும் சேர்த்து வீட்டு இறவாரத்தில் காப்புக் கட்டும் சிறுபூளைக்கு வாய்த்த ‘லானாட்டா’ என்ற பெயருக்குக் கம்பளி போர்த்தது என்பதே கருத்து. இதனினும் ஒரு படி மேற்சென்று, தேள்கொடுக்கும் கழுதைத்தும்பையும் அடங்கிய குடும்பம் முழுவதையுமே பழைய நூல்கள் ‘சொரசொரப்பான இலையினம்’ என்று பொருள்படும் லத்தீன் பெயரால் வழங்கின. ஏனெனில், அக்குடும்பத்துச் செடிகளின் ரோமம் அடி பருத்து, சுண்ணாம்புச் சத்தோ மணற்சத்தோ ஏறி இறுகி, கைவிரலுக்கு அரத்தின் ஞாபகத்தை ஊட்டுவது.

சென்னை ராஜதானியின் தாவரங்களைத் தொகுத்து 1915 முதல் 1936 வரை கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த பெருநூலைப் புரட்டினாலும், 1980-களில் திருச்சிராப்பள்ளியில் பாதிரியார் கே. எம். மாத்யூ தமிழகக் கர்நாடகப் பகுதிக்கென வெளியிட்ட தொகுதிகளைப் புரட்டினாலும், பக்கந்தோறும் ரோம வர்ணனை விடாமல் வருவதைக் காணலாம். மென்ரோமம், பட்டுரோமம், கம்பளிரோமம், விறைத்த ரோமம், சாய்ந்து படிந்த ரோமம் எனப் பிரித்துப் பிரித்துப் பேசும் அச்சொற்கள் புதிதாகப் படிப்பவனுக்குச் சலிப்பைத் தரக்கூடும். ஆனால் பூவும் காயும் இல்லாத பருவத்தில் ஒரு செடியை அடையாளங் காண வேண்டி வரும்போது அவையே கைகொடுக்கின்றன.

இரட்டையரைப் பிரிக்கும் முறை

இதற்குச் சில உதாரணங்கள் கூறுவோம். தரிசு நிலத்தில் அவுரியும் கொழிஞ்சியும் அருகருகே நிற்கும். இரண்டும் அவரைக் குடும்பத்தவை. இரண்டிற்கும் சிறகுபோல் பிரிந்த கூட்டிலை. பூக்காத நாளில் இவற்றை மயங்காதவர் அரியர். பூதக்கண்ணாடியை இலையின் அடிப்புறத்தில் வைத்துப் பார்த்தாலோ, அவுரியின் ரோமம் ஒவ்வொன்றும் நடுவில் மட்டும் பொருந்தி இரு முனையும் இலைமேல் படிந்து கிடப்பதும், கொழிஞ்சியின் ரோமம் அடியில் ஊன்றி ஒரே திசையில் நீள்வதும் புலப்படும். கொழிஞ்சியின் சிற்றிலையைப் பிடித்து இழுத்தால் நரம்பின் போக்கிலேயே கவைபோல் கிழியும் என்பது கிராமத்துச் சிறுவர்கள் விளையாட்டாக அறிந்த மற்றோர் அடையாளம். இரண்டு சாக்ஷிகளும் ஒத்துச் சொல்லும்போது சந்தேகத்திற்கு இடமேது?

துத்தியின் இனத்திலும் இவ்வாறே. மூல நோய்க்குச் சித்த வைத்தியர் விரும்பும் துத்தியின் இலையைத் தடவினால் வெல்வெட்டுப்போல் இருக்கும். அம்மென்மையை உண்டாக்குபவை நெருங்கி அமைந்த மிகச் சிறிய விண்மீன் ரோமங்கள். அதன் நெருங்கிய உறவாகிய மற்றொரு துத்தியின் தண்டிலோ அவ்விண்மீன்களுக்கிடையே நீண்டு விரிந்த தனி ரோமங்களும் ஒட்டும் சுரப்பி ரோமங்களும் கலந்து நிற்கும். துளசியின் தண்டில் விரிந்த ரோமம் தெளிவாகத் தெரியும்; திருநீற்றுப்பச்சிலையின் தண்டு பெரும்பாலும் வழவழப்பானது. நீலகிரியின் தோட்டங்களில் களையாக மண்டும் ஸ்டெல்லாரியா என்ற சிறு பூண்டின் தண்டில் ஒரே ஒரு வரிசை ரோமம் மட்டும் ஓடுவதும், ஒவ்வொரு கணுவிலும் அவ்வரிசை பக்கம் மாறுவதும், இயற்கை தன் கையெழுத்தை எவ்வளவு நுட்பமாக இடுகிறது என்பதற்கு உதாரணமாகும்.

ஆயினும், ரோமத்தை ஏக சாக்ஷியாகக் கொண்டு தீர்ப்பளித்தல் தகாது. விண்மீன் ரோமம் துத்திக் குடும்பத்திற்கு உரியதென்று மனப்பாடம் செய்தவன், சுண்டையின் இலையிலும் கண்டங்கத்திரியின் இலையிலும் அதே உருவத்தைக் கண்டு திகைப்பான். அவை கத்திரிக் குடும்பத்தவை, துத்திக்கு உறவல்ல. எருக்கின் இளந்தளிர் வெண்பஞ்சு போர்த்தியிருக்கும். முதிர்ந்த இலையில் அப்பஞ்சு உதிர்ந்து குறைந்துவிடும். ஈரமான நிழலில் வளர்ந்த செடிக்கும் வறண்ட வெயிலில் வளர்ந்த செடிக்கும் ஒரே ஜாதியிலேயே ரோமத்தின் அளவு வேறுபடுவது வழக்கம். மேலும், கடுகின் உறவாகிய அராபிடாப்சிஸ் என்னும் சிறு பூண்டைச் சோதித்தவர்கள், ஒரு தனி ஜீன் பழுதுபட்டாலே இலை முழுதும் ரோமமற்றுப் போவதைக் கண்டு, அந்த ஜீனைப் பிரித்தெடுத்து, 1991-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். ஒரே ஜீனின் மாற்றத்தால் தோன்றவும் மறையவும் கூடிய லக்ஷணத்தை மட்டும் நம்பிப் புது ஜாதி என்று கொண்டாடுவது எவ்வளவு பிழை! ஆகவே ரோமம் இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டிலும் அது என்ன உருவம் என்பதே நம்பத்தக்க அடையாளம். அவ்வுருவத்தையும் இலையடுக்கு, பூ, கனி ஆகியவற்றோடு வைத்து நோக்குதல் வேண்டும்.

வெயிலும் நீரும்

இனி, ரோமம் எதற்காக என்ற கேள்விக்கு வருவோம். பழைய பாட புஸ்தகங்கள் கூறிய சமாதானம் எளிது: இலையின் துவாரங்களுக்குமேல் ரோமம் அசைவற்ற காற்றைத் தேக்கி, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது என்பதே அது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கவனமாக அளந்து பார்த்தபோது, பல செடிகளில் அத்தேக்கத்தினால் மிச்சமாகும் நீர் எதிர்பார்த்த அளவு இல்லை என்றும், வெண்ரோமம் ஒளியைத் திருப்பியனுப்பி இலையின் உஷ்ணத்தைத் தணிப்பதே பெரிய பயன் என்றும் தெரிய வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பாலைவனத்தில் வளரும் என்சீலியா என்னும் புதர் இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். கடற்கரையில் வளரும் அதன் உறவுச் செடியின் இலை ரோமமின்றிப் பசுமையாக இருக்க, பாலைவனத்துச் செடியின் இலையோ வெண்ரோமம் போர்த்தது. அதிலும் மழைக்காலத்தில் தோன்றும் இலை சற்றுப் பசுமையாகவும், வறட்சி முற்றமுற்றப் பிறக்கும் இலைகள் மேன்மேலும் வெண்மையாகவும் அமைகின்றன. 1976-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதில் உள்ள நஷ்டத்தையும் எடுத்துக்காட்டியது: வெயிலைத் தள்ளும் அதே ரோமம், உணவு ஆக்குவதற்கு வேண்டிய ஒளியையும் தள்ளிவிடுகிறது. செடி ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறுகிறது.

உயர்ந்த மலைகளில் கதை வேறாகிறது. இமயத்தின் உச்சிச் சரிவுகளில் வளரும் சாஸூரியா, தன் பூங்கொத்து முழுவதையும் பஞ்சுப் பொதியினுள் ஒளித்துக் குளிரிலிருந்து காக்கிறது; ஆல்ப்ஸ் மலையின் எடல்வைஸ் மலரைச் சூழ்ந்த வெண்ரோமம், உச்சியில் கடுமையாகத் தாக்கும் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்வதாக 2005-இல் கண்டறிந்தார்கள். நீலகிரியின் சோலையோரங்களில் செந்நிறமாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரத்து இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் முழுதும் மெல்லிய கம்பளி நெய்தது போன்றிருக்கும். பனியும் வெயிலும் ஒரே நாளில் மாறிமாறி வரும் இடத்தில் நிற்கும் மரம் அது.

நீர்ப் பஞ்சமே காரணம் என்பவரை வாயடைக்கச் செய்ய நம் ஊர்க் குளமே போதும். ஆகாயத்தாமரை நீரின்மேல் மிதப்பது. அதற்கு நீர்ப் பஞ்சம் ஏது? ஆயினும் அதன் இலை வெல்வெட்டுப்போல் ரோமம் செறிந்தது. அந்த ரோமங்களுக்கிடையே சிக்கிய காற்று இலையை நனையவொட்டாமல் காத்து, அழுத்தினாலும் மறுபடி மேலே எழச் செய்கிறது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசங்களில் மரக்கிளைகளில் தொற்றி மண்ணையே தொடாமல் வாழும் டில்லாண்ட்சியா, தன் செதில் ரோமங்களால் மழையையும் பனியையும் உறிஞ்சிக் குடிக்கிறது. பிச்சாவரத்தின் உப்பங்கழியில் நிற்கும் வெண்கண்டல் மரமோ இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகளின் வழியே மிகுதியான உப்பை வெளியேற்றுகிறது. வறண்ட பகலில் அவ்விலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். நீரைத் தள்ளவும், நீரைக் கொள்ளவும், நீரிலிருந்து உப்பைப் பிரிக்கவும் ஒரே புறத்தோல் மூவேறு கருவிகளைச் சமைத்திருக்கிறது.

பகையும் படையும்

அடுத்தபடியாக, தற்காப்பு. காஞ்சொறியைத் தொட்டவர் மறப்பதில்லை. ஐரோப்பியக் காஞ்சொறியின் ரோமம் மணற்சத்தால் ஆன கண்ணாடிக் குழல்போன்றது. நுனியிலுள்ள சிறு குமிழ் தொட்டவுடன் ஒடிந்து, ஊசி மருந்து ஏற்றுவதுபோலத் தன்னுள்ளிருக்கும் திரவத்தைத் தோலினுள் செலுத்துகிறது. அத்திரவத்தில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருப்பதை 1947-இல் நிரூபித்தார்கள். நம் வேலிகளில் ஏறும் சிறுகாஞ்சொறி ஆமணக்கின் குடும்பம். அதன் ரோமத்தினுள்ளே கூரிய கால்சியம் ஆக்ஸலேட் படிகம் ஒன்று இருந்து தோலைத் துளைக்கிறது. உறவு வேறு, கருவி வேறு. வேதனை மட்டும் ஒன்று. பூனைக்காலியின் காயிலுள்ள பொன்னிறச் சுணையோ புரதத்தைச் சிதைக்கும் பொருளை ஏந்தி வந்து பொறுக்க முடியாத அரிப்பைத் தருகிறது. அச்சுணையைத் தேனிலோ பாகிலோ குழைத்துக் குடற்புழுவுக்கு மருந்தாகக் கொடுத்த வழக்கமும் முன்பு இருந்தது.

ஜப்பானில் நாரா நகரத்துப் பூங்காவில் பல நூற்றாண்டுகளாக மான்கள் காக்கப்பட்டு வருகின்றன. அங்கே வளரும் காஞ்சொறியின் இலையில், மான் மேயாத வேற்றிடத்துக் காஞ்சொறியைவிடக் கொட்டும் ரோமம் பன்மடங்கு மிகுந்திருப்பதை 2008-இல் வெளியான ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. மேய்ச்சலுக்குத் தப்பியவையே விதை விட்டுப் பெருகின. தலைமுறைதோறும் சுணை மிகுந்தது. ரோமத்தின் காரணத்தை அறிய விரும்புகிறவன் செடியை மட்டும் பார்த்தால் போதாது, அதைத் தின்னவந்த வாயையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பூச்சிகளுக்கெதிரான போர் இன்னும் நுட்பமானது. பீன்ஸ் இலையின் அடிப்புறத்திலுள்ள கொக்கி ரோமங்கள் மூட்டைப்பூச்சியின் காலைக் குத்திப் பிடிப்பதைப் பால்கன் நாட்டு மக்கள் வெகு காலம் முன்பே அறிந்து, இரவில் படுக்கையைச் சுற்றி இலைகளைப் பரப்பிக் காலையில் பூச்சிகளோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். 1943-இல் இச்செயல் விஞ்ஞானப் பத்திரிகையிலும் ஆராயப்பட்டது. பருத்தியின் கதை, உழவர் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம். இலையில் ரோமம் மிகுந்த பருத்தி தத்துப்பூச்சியை எதிர்த்து நிற்கிறது. ஆனால் அதே ரோமம் வெள்ளை ஈக்கும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிக்கும் முட்டையிட வசதியான இடமாகிறது. ஒரு பகைக்குக் கேடயமாவது மற்றொரு பகைக்குத் தொட்டிலாகிறது.

சுரப்பி ரோமங்களின் வேலை வாசனையிலும் பசையிலும் நடக்கிறது. நாய்க்கடுகின் உடம்பெங்கும் பிசுபிசுப்பு. துளசியின் மணமும் கற்பூரவல்லியின் காரமும் மருக்கொழுந்தின் நறுமணமும் இலைமேலுள்ள நுண்ணிய தைலப் பைகளின் செல்வம். நாம் முகர்ந்து மகிழ்வது செடியைத் தின்னும் புழுவுக்குப் பெரும்பாலும் நஞ்சு. மருக்கொழுந்தின் உறவாகிய மாசிச்செடி வகை ஒன்றின் சுரப்பி ரோமத்தில் விளையும் ஆர்ட்டிமிசினின் மலேரியாக் காய்ச்சலுக்குக் கண்கண்ட மருந்தாயிற்று. அதைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி டூ யூயூ அம்மையாருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. தற்காப்பு முற்றி வேட்டையாகவே மாறிய நிலை அழுகண்ணியில் காணப்படுவது. பனித்துளிபோல் மின்னும் பசையை நம்பி வந்தமர்ந்த பூச்சியை வளைந்து பிடித்துச் செரித்துக்கொள்ளும் அதன் செயலைச் சார்லஸ் டார்வின் பல ஆண்டுகள் சோதித்து 1875-இல் தனி நூலாக வெளியிட்டார். பசை சுரக்கும் அதன் துய்களின் உள்ளே நீர்க்குழாயும் ஓடுவதால் அவற்றை வெறும் ரோமம் என்னலாகாது என்று சாஸ்திரிகள் கூறுவர். ஆயினும் சுரக்கும் நுனியின் நோக்கில் அவை சுரப்பி ரோமத்தின் உச்ச வளர்ச்சியே.

பிரயாணம்

நிலைத்து நிற்கும் செடியின் சந்ததி பிரயாணம் செய்வதற்கும் ரோமமே வாகனம். எருக்கின் விதை வெண்பட்டுக் குஞ்சம் ஏந்திக் காற்றில் மிதக்கிறது. கொடிவேலியின் புல்லிவட்டத்திலும் மூக்கிரட்டையின் காயிலும் பசைச் சுரப்பிகள் அமைந்து, வழிப்போக்கனின் வேட்டியிலும் ஆட்டின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் செல்கின்றன. பருத்தி இழை விதையின் தோலில் முளைப்பது. இலவம் பஞ்சோ காயின் உட்சுவரில் முளைப்பது. பார்வைக்கு ஒன்றே போன்ற இரு பஞ்சுகள் பிறப்பிடத்தால் வேறுபடுவதை நூற்கிறவர் அறியாவிட்டாலும், செடியை அறிய விரும்புகிறவர் அறிதல் அவசியம்.

எவ்வாறு காண்பது?

இவ்வளவும் தொகுத்து நோக்கினால், ரோமம் எதற்கு என்ற பொதுக் கேள்விக்குப் பொது விடை இல்லை என்பது விளங்கும். ஆனால் இந்தச் செடிக்கு, இந்த இடத்தில், இந்த உறுப்பில், இந்த உருவத்தில் ரோமம் எதற்கு என்று கேட்டால் விடை கிட்டும். ஆதலால், காட்டுச் செடியைக் கற்க விரும்பும் இளைஞர் பெயரைத் தேடுமுன் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளட்டும்: ரோமம் இலையின் மேற்புறத்திலா, அடிப்புறத்திலா, இரண்டிலுமா, தளிரிலும் முதிர்ந்த இலையிலும் ஒரே மாதிரியா, தனித்ததா, கிளைத்ததா, நடுவில் பொருந்தியதா, நுனியில் சுரப்பி உண்டா, தொட்டால் ஒட்டுகிறதா, மணக்கிறதா, கடுக்கிறதா. அதன்பின் அந்த இடத்தையும் குறித்துக்கொள்ளட்டும்: வெயிலா நிழலா, மணலா சேறா உப்பா, ஆடு மேய்கிறதா, இலையில் எந்தப் பூச்சி அமர்ந்திருக்கிறது. முதற் பட்டியல் செடியின் பெயரைத் தரும். இரண்டாவது பட்டியல் அதன் வாழ்க்கையைத் தரும். இரண்டையும் ஒரே தாளில் எழுதுகிறவனே செடியை உண்மையாக அறிந்தவன்.

தொடங்குவதற்குச் சிறுபூளையைவிடத் தகுந்த செடி கிடையாது. குறிஞ்சிப்பாட்டில் மலர்களை எண்ணிய கபிலர் பூளையையும் ஒன்றாக எண்ணினார். நாமோ ஆண்டுதோறும் மார்கழி முடிவில் அதைப் பறித்து வாசலில் செருகிவிட்டு, மறுபடி நோக்குவதில்லை. இந்தத் தை பிறக்கும்போது காப்புக்குக் கட்டியதில் ஒரு கொத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் இலையின் அடிப்புறத்தையும் பூக்கதிரின் பஞ்சையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். இலையிலுள்ள கம்பளியும் பூவிலுள்ள கம்பளியும் ஒரே வேலை செய்கின்றனவா என்று கேளுங்கள். பின்பு அச்செடி முளைத்திருந்த வரப்புக்கே சென்று, அங்கே வீசும் காற்றையும் அடிக்கும் வெயிலையும் அருகில் மேயும் ஆட்டையும் கவனியுங்கள்.